படம் வராது, சொல்லுங்கள்

ஏப்ரல் 6

லிஃப்ட்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். இனித் தேர்வு முடிந்து கடைசிப் பிள்ளை பேனாவை மூடி வைக்கும் வரை, இந்த வினாத்தாள் அச்சகத்தை விட்டு யாரும் வெளியே போக முடியாது. பிழை திருத்துகிற எனக்கு மட்டுமில்லை, மெஷின் ஓட்டுகிறவர், கட்டுக் கட்டுகிறவர், சமையல்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். கைப்பேசி கிடையாது. கடிதம் மட்டும் போடலாம், வாங்கலாம். அதையும் ஓர் அதிகாரி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் சண்டை போடுவதாக இருந்தால் கொஞ்சம் நாகரிகமாகப் போடுங்கள்.

அறையில் இரண்டு கட்டில். இன்னொன்றில் கணக்குத்தாள் பார்க்கிற அம்மாள். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெளியே வெயிலா மழையா என்று வெளிச்சத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். படம் எடுக்கக் கை துறுதுறுவென்கிறது, கையில்தான் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கைப்பேசியை உங்களிடம் கொடுத்தது பூட்டி வைப்பதற்கில்லை. புகைப்படக் குழுவில் தினம் காலையில் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்கு அன்றைக்குள் ஒரு படம் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. போன கோடையிலிருந்து நான் ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தெர்மாமீட்டரை எடுத்துப் போட்டேன். எனக்குப் பதில் நீங்கள் எடுத்தால் கணக்கில் சேரும் என்று குழுத் தலைவி ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் கிளம்பும்போது, "யாரு பார்க்கப்போறாங்கன்னு இந்த வேண்டாத வேலை?" என்றீர்கள். பார்க்கிறார்கள். பார்க்காதவர் ஒரே ஒருவர்தான். தினம் சாயங்காலம் நான் படத்தைக் காட்டினால் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "நல்லா இருக்கு" என்பீர்கள். ஒருநாள் வேண்டுமென்றே அணைந்த திரையைக் காட்டினேன். அதுவும் நல்லாத்தான் இருந்தது உங்களுக்கு.

தினமும் எடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் திருத்தக்காரி


ஏப்ரல் 13

திருத்தக்காரிக்கு,

எடுத்தேன். தினமும் எடுத்தேன். ஒருநாளும் விடவில்லை. போதுமா?

முதல் நாள் சொல் "விளிம்பு". அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி லிஃப்டை ரிப்பேர் பார்க்க அதன் குழிக்குள் இறங்கியிருந்தேன். கதவு ஓடுகிற தடத்தின் ஓரம் தேய்ந்திருந்தது. விளிம்புதானே, எடுத்துப் போட்டேன். அளவு தெரிவதற்காக ஸ்க்ரூட்ரைவரைப் பக்கத்தில் வைத்தேன். கம்பெனிக்கு நான் அனுப்புகிற படமெல்லாம் அப்படித்தான். இல்லாவிட்டால் விரிசல் மயிரிழை அளவா விரல் அளவா என்று ஆபீசில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் "தனிமை". வராந்தாவில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. அதற்கும் ஸ்க்ரூட்ரைவரை வைத்துத்தான் எடுத்தேன். வைக்காமல் எடுத்தால் ஏதோ மறந்த மாதிரி இருக்கிறது. இப்படியே எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உன் குழுவில் ஒருவர், "இந்த ஸ்க்ரூட்ரைவர் மனித உழைப்பின் பயனின்மையைப் பேசுகிறது" என்று எழுதியிருக்கிறார். ஒரு ஆஸ்பத்திரியே என் புண்ணியத்தில் படி ஏறாமல் மேலே போகிறது, எனக்குப் பயனின்மையாம். பதில் எழுத உட்கார்ந்தேன், பிறகு உன் பெயர் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

படங்களைப் பிரின்ட் போட்டு உறையில் வைத்திருக்கிறேன். வீடு நன்றாக இருக்கிறது. குழாய் சொட்டுகிறது.

உன் லிஃப்ட்காரன்


ஏப்ரல் 19

லிஃப்ட்காரருக்கு,

உறையில் கடிதம் மட்டும்தான் வந்தது. படம் எதுவும் இந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாதாம். அதிகாரி தன் மேஜை டிராயரில் போட்டுவிட்டார். எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். "ஸ்க்ரூட்ரைவர் தெளிவா விழுந்திருக்கும்மா" என்றார்.

அதனால் இனிமேல் பிரின்ட் வேண்டாம். படம் வராது, சொல்லுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, பின்னால் என்ன தெரிந்தது, அமுக்குவதற்கு முன்னால் என்ன நினைத்தீர்கள், எடுக்காமல் விட்டது எது, எல்லாம் சொல்லுங்கள். நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன்.

"வீடு நன்றாக இருக்கிறது" என்கிறீர்கள். எது நன்றாக இருக்கிறது? நான் நாளெல்லாம் வினாக்களைப் படிக்கிறவள். விடை முழுதாக இல்லாவிட்டால் மதிப்பெண் கொடுக்க மனம் வராது. உங்கள் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டேன். என் தொழிலில் அது எவ்வளவு பெரிய அன்பு என்று உங்களுக்குத் தெரியாது.

கணக்குத்தாள் அம்மாள் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறார். காலையில் கேட்டால் இல்லவே இல்லை என்கிறார்.

திருத்தக்காரி


மே 9

உனக்கு,

நீ கேட்டாய் என்று, வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, விளக்கமாக எழுதிப் போட்டேன். பதில் இல்லை. சரி, தபால் தாமதம் என்று இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வந்தாள். வந்ததும் அடுப்பைத் துடைத்தாள், என்னைத் திட்டினாள், டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சுவாக்கில், "பாவம், அவளை ஏன்தான் ஆபீசுல இப்படிப் பூட்டி வெச்சாங்களோ" என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பூட்டி வெச்சாங்களா? அவளாத்தானே பேரு குடுத்தா. யாருமே போகமாட்டேன்னப்ப கையைத் தூக்கினவ அவதானே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

சொல்லவில்லை. ஆபீசில் போட்டுவிட்டார்கள் என்றுதான் என்னிடம் சொன்னாய். நானும் நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து ஏற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை விட்டுப் போக உனக்கு ஒரு பூட்டிய கட்டடம் தேவைப்பட்டதா? அதிகாரி படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

இன்றைய சொல் "கயிறு". எடுத்துப் போட்டுவிட்டேன். எப்படி இருந்தது என்று சொல்லும் நிலைமையில் நான் இல்லை.


மே 15

என் லிஃப்ட்காரருக்கு,

மூன்று கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

விளக்கமாக எழுதுகிறேன் பேர்வழி என்று என்ன எழுதி அனுப்பினீர்கள்? கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் நாள் எண், மாடி எண், "கதவு ஆ", "பொத்தான் இ", "கீழே இடது" என்று சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி. வினாத்தாள் அச்சகத்துக்கு உள்ளே இப்படி ஒரு காகிதம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஒருநாள் காலையில் என்னை அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியோடு இன்னும் இரண்டு பேர். "இது எந்தப் பாடத்தோட விடைம்மா?" என்று கேட்டார். புகைப்படக் குழு, தினம் ஒரு சொல், லிஃப்ட் மெக்கானிக், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியவில்லை. எல்லாப் பாடங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும் வரை உங்கள் கடிதங்களை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேற்று அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தார். "ஒப்பிட்டுப் பார்த்தோம்மா. உங்க வீட்டுக்காரர் விடை எல்லாமே தப்பு" என்றார். அந்த மனிதர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். இனி எண்ணோ கட்டமோ வேண்டாம், வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். போகிற போக்கில், உங்கள் இரண்டாவது கடிதத்தில் லிஃப்ட் வாசலில் நின்ற பூனையை நினைத்து, "அந்தப் பூனை கடைசியில லிஃப்டுல ஏறுச்சா இல்லையா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார். எழுதுங்கள், காத்திருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நானாகத்தான் பெயர் கொடுத்தேன். உங்களிடம் மறைத்தது தப்பு. ஆனால் உங்களை விட்டுப் போகக் கொடுக்கவில்லை. அந்தச் சாப்பாட்டு மேஜையை விட்டுப் போகக் கொடுத்தேன். வீட்டில் இருப்பது நாம் இரண்டே பேர். கரண்டி தட்டில் படுகிற சத்தம்தான் நம் பேச்சு. தினம் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேனே, எதற்கென்று நினைத்தீர்கள்? சாயங்காலம் உங்களிடம் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான். குழுவெல்லாம் அதற்குப் பிறகு வந்த சாக்கு. நாளெல்லாம் அலைந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவேன், உங்கள் இரண்டு வார்த்தையில் அது முடிந்துபோகும். நான் களைத்துப்போய்விட்டேன்.

சொல்லிவிட்டேன். அதிகாரியும் படித்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

திருத்தக்காரி


மே 22

திருத்தக்காரிக்கு,

முதலில் அதிகாரி ஐயாவுக்கு. பூனை ஏறிவிட்டது. கதவு மூடப் போகும்போது வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நிற்கும். சென்சார் கதவைத் திறந்துவிடும். மறுபடி மூடும், மறுபடி வால். அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு மாதமாக வந்த புகாருக்குக் காரணம் அதுதான். நான் வாசலில் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உனக்கு.

சென்ற வாரம் வந்த சொல் "காத்திருப்பு". அன்றைக்கு ஒரு குடியிருப்பில் வேலை. லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஏறி நின்று அதை ஆமை வேகத்தில் மேலே கொண்டுபோவது எங்களுக்கு வாடிக்கை. ஒவ்வொரு மாடியின் கதவுக்கும் அடியில் ஒரு சந்து இருக்கும், அதன் வழியாக வெளிச்சம் கோடு மாதிரி உள்ளே விழும். இத்தனை வருஷமாக அந்தக் கோட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு கால்களைப் பார்த்தேன். லிஃப்ட் ஓடாது என்று பலகை வைத்தும் யாரோ ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பாதம் செருப்பில் இருந்தது. இன்னொன்று செருப்பிலிருந்து வெளியே வந்து மற்றக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு காய்கறிப் பை தரையில் இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன. முகம் தெரியாது, ஆனால் அவள் அலுத்துப்போயிருக்கிறாள் என்பதும், படியேற மனமில்லை என்பதும், யாரையும் திட்டவில்லை என்பதும் தெரிந்தது. நான் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதம் செருப்புக்குள் திரும்பப் போகிற நேரத்தில் அமுக்கினேன். ஸ்க்ரூட்ரைவர் பையிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

பிறகு இறங்கிவந்து அவசர அவசரமாக ரிப்பேரை முடித்தேன். கதவு திறந்ததும் அவள் உள்ளே வந்து, "இன்னைக்கும் படிதான்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு என்னவோ பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டேன். கையைக் கூடக் கழுவாமல் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து உன் குழுத் தலைவி எழுதினார். "நல்லா இருக்கு."

அவ்வளவுதான். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் விரல் மடங்கினதைப் பார்த்தாயா, பையைப் பார்த்தாயா, எவ்வளவு நேரம் நான் இருட்டில் நின்றேன் தெரியுமா என்று அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அந்த இரண்டு வார்த்தையை இத்தனை நாளும் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். வாங்கினது அன்றைக்குத்தான்.

உன் பழைய படங்களை எல்லாம் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், ஒரேயடியாகப் பார்க்க முடியவில்லை. ஈரத் துணியின் ஓரத்தில் தொங்குகிற சொட்டை எடுத்திருக்கிறாய். அது என் யூனிபார்ம். நீ காட்டியபோது நான் என்ன பார்த்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மன்னிப்பு என்று எழுத, நடுவில் ஒருவர் படிக்கிறாரே என்று கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் மன்னித்துக்கொள்.

உன் லிஃப்ட்காரன்


மே 29

என் லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். கணக்குத்தாள் அம்மாள், "என்னம்மா, வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பெண்ணின் பாதம் எனக்குத் தெரிந்தது. செருப்பின் நிறத்தை நீங்கள் சொல்லவில்லை, நானே நீலம் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

தேர்வு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது, சனிக்கிழமை காலை எங்களை வெளியே விடுகிறார்கள். ஆனால் அடுத்த தேர்வுக்கான வேலை உடனே தொடங்குகிறது. விருப்பப்பட்டவர்கள் வெளியே போகாமல் அப்படியே தொடரலாம். அதற்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். என்னுடையது தலையணைக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் மழைக்காலம் முடியும் வரை இங்கேதான்.

போடலாமா என்று யோசிக்கிறேன். கோபத்தில் இல்லை. கோபம் எல்லாம் போய்விட்டது, அதுதான் பிரச்சினை. இங்கே எனக்குத் தபாலில் ஒரு கணவர் வருகிறார். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்கிறார். பூனையைப் பற்றிச் சொல்கிறார். இந்த வயதில் ஒரு கடிதத்துக்காக வாசல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அதிகாரிக்கே சிரிப்பு வருகிறது. நான் வீட்டுக்கு வந்துவிட்டால் இவர் அங்கே இருப்பாரா? மறுபடி தட்டு, கரண்டி என்று ஆகிவிட்டால், இந்த முறை எனக்குத் தாங்காது. இல்லாததற்குப் பழகியிருந்தேன். கிடைத்துவிட்டுப் போனால் எப்படிப் பழகுவது?

புதன்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். பொய்யாக ஆறுதல் சொல்லாதீர்கள். பிழை என் கண்ணில் பட்டுவிடும்.

திருத்தக்காரி


ஜூன் 1

திருத்தக்காரிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. இதைத் தபாலில் போடவில்லை. அச்சக வாசலுக்கு நானே கொண்டுவந்து காவலரிடம் கொடுக்கிறேன். உள்ளே நீ, வெளியே நான், நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கடிதம் போகிறது. நம் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நீ கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன். ஆனால் சோதித்துப் பார்த்தேன். எந்த ரிப்பேரையும் ஓட்டிப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று நான் சொன்னதில்லை.

அது வந்த அன்று சாயங்காலமே மேஜையில் உட்கார்ந்து, எதிரே நீ இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, அன்றைய படத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தாலே பரீட்சை எழுத வந்தவன் மாதிரி ஆகிவிடுகிறேன், நீ கேள்வித்தாள் மாதிரி ஆகிவிடுகிறாய். சரி, நமக்கு அவ்வளவுதான் என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருக்கும்போது பேச்சு தானாக வந்தது. பாத்திரம் எல்லாம் முடிந்தும் சொல்லி முடியவில்லை. கழுவினதையே மறுபடி கழுவினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வீட்டம்மா வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, ஒத்திகை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நேற்றும் அப்படியே. துணி மடித்துக்கொண்டே சொன்னேன், வந்தது. ஆக, எனக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வராது. பக்கத்தில் நின்றால் வரும். கையில் வேலை இருந்தால் வரும். இது போதுமா என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீ கையெழுத்துப் போட்டாலும் நான் எழுதுவேன். தினமும் எடுப்பேன், எடுத்ததைச் சொல்வேன். எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டி உன்னை வரவழைக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. இந்த வார்த்தையை எழுதிப் பழக்கமில்லாததால் கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. ஆசையாக இருக்கிறது. வா.

உன் லிஃப்ட்காரன்


ஜூன் 4

என் லிஃப்ட்காரருக்கு,

கடிதத்தை அதிகாரியே மாடி ஏறி வந்து கொடுத்தார். எப்போதும் பியூனிடம்தான் கொடுத்தனுப்புவார். நான் படித்து முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைப் பெயின்ட் அடித்த ஜன்னலில் அப்படி என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டினார். படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே கொடுத்துவிட்டேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது இருக்கத்தான் இருக்கிறது. அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

சனிக்கிழமை காலை வாசலுக்கு வந்துவிடுங்கள். அன்றைய சொல்லுக்கு வழியிலேயே ஏதாவது எடுத்துக்கொண்டு வாருங்கள். பார்த்தவுடன் காட்டிவிடாதீர்கள், நானும் கேட்கமாட்டேன். பெட்டியை ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வாருங்கள்.

பேருந்து வேண்டாம். சீக்கிரம் வீடு வந்துவிடும்.

உங்கள் திருத்தக்காரி